பிறந்த பக்கத்துச் சீலை

றேசரில் சிக்கியிருந்த மயிர் அவனுடையது அல்ல.

பாலேந்திரா குழாயைத் திறந்து அலசினான். மயிர்த்துண்டுகள் கழுவுதொட்டியின் வெள்ளையில் வந்து ஒட்டின. சில கறுப்பு, சில நரை. அவனுக்கு இருபத்தொன்பது வயது. நரை இன்னும் வரவில்லை. பெண்சாதி ராசமலர் செத்த நாளிலிருந்து அவன் முகம் வழிக்கவில்லை. இன்றைக்குச் செத்தவீடு, வழித்துவிட்டு நில் என்று கந்தையா அண்ணை சொல்லியிருந்தார். கடைசியாக வழித்த அன்று அவன் றேசரைக் கழுவித் துடைத்துத்தான் வைத்தான். அது அவன் பழக்கம்.

மயிரை விரலால் தள்ளிவிட்டான். தண்ணீர் கொண்டுபோனது. முகத்தை வழித்தான். துவாயால் துடைத்தான். குசினிக்குப் போய் இரண்டு துண்டு பாண் வெட்டினான். ஒன்றை மறுபடி பைக்குள் வைத்தான். மற்றதை நின்றபடி தின்றான். கோப்பி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரிக்கை போட்டான். முதுகில் சுருக்கம் போகவில்லை. கோட் போட்டால் தெரியாது என்று விட்டான்.

யன்னலைத் திறந்தான். காற்று துறைமுகப் பக்கமிருந்து அடித்தது. எஸ்பியர்க் நகரம் முழுக்க மீன்மா ஆலையின் நாற்றம். கீழே ஹெர்த்தா நாயோடு வீதியைக் கடந்துகொண்டிருந்தார். மேல்மாடியில் தனியாக இருக்கும் கிழவி. ஆம்பிளைகள் போடும் கனத்த கோட், வாயில் சின்னச் சுருட்டு.

அவன் தலைக்கு மேலே, அவருடைய வீட்டில், தண்ணீர் ஓடியது.

பாலேந்திரா முகட்டைப் பார்த்தான். தண்ணீர் ஷவரில் விழுவதுபோல ஒரே சீராக விழவில்லை. அள்ளி ஊற்றுவதுபோல விட்டுவிட்டு விழுந்தது. நின்றது. பிறகு ஒரு காலடி. கனமான காலடி.

வீதியில் ஹெர்த்தா நாயை இழுத்துக்கொண்டு வெதுப்பகத்துக்குள் போனார்.

ராசமலரைக் கண்டெடுத்தவர் ஹெர்த்தாதான். பாலேந்திரா அப்போது தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரத்தில் ஹெர்த்தா நின்றார். அவன் கையைப் பிடித்தார். "கடைசியாக உன் பெயரைச் சொன்னாள்" என்றார். "பாலேந்திரா என்றாள்."

அவனுக்குச் சந்தேகம் தொடங்கியது அங்கேதான்.

ராசமலர் ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. வீட்டில் 'இஞ்சாருங்கோ'. சனத்துக்குள் 'இவர்'. இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணையில் இருத்தியபோது, கணவனின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டான். அவள் பாலேந்திராவைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி இன்னொருமுறை கேட்டான். அவள் சிரித்தாள். பேனையை வாங்கி மேசையில் கிடந்த தாளில் எழுதிக் காட்டினாள். புருஷன் பெயர் தெரியாத பெண்சாதி என்று அதிகாரி நினைத்திருக்கவேண்டும். பிறகு மூன்றுமுறை வெவ்வேறாகக் கூப்பிட்டு, கட்டில் எந்தப் பக்கம், யார் முதலில் எழும்புவது என்றெல்லாம் விசாரித்தார்கள்.

அந்த ராசமலர் சாகும்போது அவன் பெயரைச் சொன்னாளாம்.

கிழவி பொய் சொல்கிறார். ஏன்? அதுதான் அவனுக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் விளங்கவில்லை. கர்ப்பம் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, உள்ளுக்குள் இரத்தம் போய்ச் செத்தாள் என்று டொக்டர் சொன்னார். அன்று காலை அம்புலன்ஸ் வீட்டுக்கு வந்ததாம். ராசமலர் கதவைத் திறந்து, எனக்குச் சுகம், போங்கோ என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். அவ்வளவு நோவோடு நின்று ஏன் அனுப்பினாள்? டொக்டருக்குத் தெரியவில்லை. பொலிசுக்கும் தெரியவில்லை.

அவள் கர்ப்பம் என்றே அவனுக்குத் தெரியாது.

கந்தையா அண்ணையின் கார் கீழே வந்து ஹோர்ன் அடித்தது. பின் சீற்றில் யோகம்மா அக்கா மடியில் ஓலைப்பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தார். எஸ்பியர்க்கில் யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் இவர்கள் இரண்டுபேரும்தான். புருஷன் பெண்சாதி இல்லை. ஆனால் சண்டை அப்படித்தான் இருக்கும்.

"ஏறு, ஏறு" என்றார் கந்தையா அண்ணை. "பிந்தினால் அடுத்த சவத்தை உள்ள விட்டிடுவாங்கள். இந்த நாட்டில செத்தாலும் அப்பொயின்ற்மென்ற் வேணும்."

"உமக்கு எந்த நேரத்திலயும் ஒரு பகிடி" என்றார் யோகம்மா.

"பகிடியே? கற்பூரம் கொளுத்தக்கூடாதாம். தேங்காய் உடைக்கக்கூடாதாம். வாய்க்கரிசிக்கு மட்டும் மண்டபத்துக்காரன் தலையை ஆட்டினவன். அதுவும் அரிசி என்ன சமைச்சதோ பச்சையோ எண்டு கேட்டிட்டு."

கார் புறப்பட்டது.

"தம்பி" என்றார் யோகம்மா. "பிள்ளை கடைசியா ஏதும் சொன்னவவே? சனம் கேக்குது."

"தெரியாது."

"அந்த மேல்வீட்டு மனிசி பக்கத்தில நிண்டதெண்டு சொல்லிச்சினம்."

"அவ ஒண்டு சொல்லுறா. நான் நம்பேல்லை."

கந்தையா அண்ணை கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "அந்த மனிசியை நானும் நம்பமாட்டன். யாழ்ப்பாணத்துக் கிழவியள் மாதிரிச் சுருட்டுப் பத்துது. கதை முழுக்கப் பொலிஸ், பொலிஸ். சீருடையைக் கண்டால் கதவைத் திறவாதை எண்டு என்ரை மனிசிக்கும் ஒருநாள் சொன்னது. அது ஒரு யூத மனிசி. ஜேர்மன்காரன் காலத்தில தப்பினது. அந்தப் பயம் போகேல்லை. ராசமலருக்கும் அதைத்தான் ஏத்தியிருக்கும். அம்புலன்ஸ்காரனும் சீருடைதானே போடுறவன்?"

பாலேந்திரா யன்னலால் பார்த்தான். ராசமலர் வாரத்தில் பலநாள் மேலே போய் ஹெர்த்தாவோடு டேனிஷ் பழகினாள். பழகட்டும் என்றுதான் விட்டான். மேலே என்ன கதைத்தார்கள் என்று கேட்டதில்லை.

"அதோட இன்னொண்டு" என்றார் யோகம்மா. "கோவியாதேங்கோ தம்பி. போன மாதம் முழுக்கப் பிள்ளை என்னட்டை அரிசி வாங்கினது. ரெண்டுபேருக்கு அவ்வளவு அரிசி ஏன் எண்டு யோசிச்சனான். பிள்ளைத்தாச்சிப் பசியாக்கும் எண்டு இப்பதான் நினைக்கிறன்."

பாலேந்திரா கணக்குப் பார்த்தான். போன மாதம் வீட்டில் சோறு மிஞ்சியதாக நினைவில்லை. கூடச் சமைத்ததாகவும் நினைவில்லை.

ஆஸ்பத்திரிச் சவச்சாலையோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன மண்டபம். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். யோகம்மா முதல்நாளே வந்து கூறைச்சீலை உடுத்தியிருந்தார். பொட்டுப் பெரிதாக வைத்திருந்தார். ராசமலர் இவ்வளவு பெரிய பொட்டு வைப்பதில்லை. பாலேந்திரா அதைப் பார்த்தான். வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

இருபது பேர்வரை வந்திருந்தார்கள். தூரத்து ஊரான ஸ்கீவவிலிருந்தும் ஒரு குடும்பம் வந்திருந்தது. தொழிற்சாலை மேற்பார்வையாளர் கறுப்புக் கோட்டோடு பின்னால் நின்றார்.

"பிறந்த பக்கத்துச் சீலை போடவேணும்" என்றார் யோகம்மா. "அது போட்டாப்பிறகுதான் மற்றது. பிறந்த பக்கத்தில ஆரும் இல்லாட்டி ஆரும் ஒரு ஆள் சகோதரமாய் நிக்கவேணும்."

"நான் நிக்கிறன்" என்றார் கந்தையா அண்ணை. "சீலைதான் இல்லை. ஒரு வேட்டி காருக்குள்ள கிடக்கு."

"வேட்டி போட்டு அனுப்பிறதே பொம்பிளையை? விசரே உமக்கு?"

பிறந்த பக்கத்தில் ஆள் இருந்தார். தவராஜா. ராசமலரின் ஒரே தமையன். பருத்தித்துறையில் பள்ளிக்கூட வாத்தியார். தகப்பன் செத்தபிறகு அவளை வளர்த்தவர். புரட்டாதியில் ஜேர்மனியிலிருந்து எல்லையில் ஒருமுறை பிடிபட்டுத் திரும்பி, இரண்டாம்முறை லொறியொன்றில் ஒளித்து வந்து, ஒரு தோல்பையோடு வாசலில் நின்றார். எங்கேயும் பதியவில்லை. பதிந்தால் ஜேர்மனிக்கு, அங்கிருந்து கொழும்புக்கு என்று பயந்தார். அகதிச் சட்டத்தை இறுக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம்.

"அத்தான், உங்களை இஞ்ச வைச்சிருக்கேலாது" என்றான் பாலேந்திரா. "பிடிபட்டால் எங்கட விசாவும் போகும்."

அடுத்தநாள் கந்தையா அண்ணையின் காரில் ஹொல்ஸ்டெப்ரோவில் தெரிந்த பெடியன்களோடு கொண்டுபோய் விட்டான். ராசமலர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் செத்தபிறகு அங்கே ரெலிபோன் எடுத்தான். ஆள் போய்க் கன நாள், எங்கே என்று தெரியாது என்றார்கள்.

மண்டபத்துக்குப் பொறுப்பான டேனிஷ்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பெட்டிக்குள் வைக்கச் சொல்லி நேற்று ஒருவர் கொடுத்ததாகச் சொன்னார். யோகம்மா பிரித்தார்.

புதுச் சீலை. இளநீலம், ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கரை. ஒருமுறையும் உடுக்காதது. கரையில் கடை விலைச்சீட்டுக் குண்டூசியால் குத்தியபடி இருந்தது. யாழ்ப்பாணம், பெரியகடை என்று அச்சடித்திருந்தது.

கந்தையா அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு கழற்றினார்.

"இது ஆர் தந்தது?" பாலேந்திரா டேனிஷில் கேட்டான்.

"ஒரு வயதான பெண்மணி. நாயோடு வந்தார்."

யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் வந்தவர் அவனுக்குத் தெரிய ஒரே ஆள்தான். அவன் மண்டபத்தை விட்டு வெளியே வந்தான். யோகம்மா கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

ஹெர்த்தா சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றார். உள்ளே வரவில்லை. நாய் அவருடைய சப்பாத்தின் மேல் படுத்திருந்தது.

"அந்தச் சீலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

அவர் அவனைப் பார்த்தார். அவருடைய டேனிஷிலும் இன்னும் ஜேர்மன் உரசியது. அவனுடையது அதைவிட மோசம். இரண்டுபேருக்கும் சொந்தமில்லாத பாஷையில் மெதுவாகக் கதைத்தார்கள்.

"அவர் கொடுத்தார்" என்றார் ஹெர்த்தா. "சகோதரர்தான் போடவேண்டும் என்றார்."

"எங்கே இருக்கிறார்?"

"என் வீட்டில். இன்றைக்கு வரப்போகிறேன் என்று நின்றார். வெளியால் பூட்டிவிட்டு வந்தேன்."

பாலேந்திராவின் கைகள் கோட்பைக்குள் இருந்தன. வெளியே எடுக்கவில்லை. "அன்றைக்கு அவர் எங்கே இருந்தார்?"

"உன் வீட்டில். பகலில் எப்போதும் உன் வீட்டில்தான். நீ வேலைக்குப் போனதும் பின்வாசலால் வருவார். நீ வருவதற்கு முன்பு போய்விடுவார். இரவில் கீழே சைக்கிள் அறையில் படுத்தார். அவள் செத்த அன்றுதான் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது."

றேசர். அரிசி. அவன் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தான். எல்லாம் பொருந்தியது. பொருந்தியதால் ஆத்திரம் இன்னும் கூடியது.

"அம்புலன்ஸைக் கூப்பிட்டது நீங்களா?"

"நான்தான். படிக்கட்டில் அவளைப் பார்த்தேன். சுவர்போல வெளுத்திருந்தாள். வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை." ஹெர்த்தா சுருட்டைக் கீழே போட்டார். மிதிக்கவில்லை. "நீலச் சீருடையில் இரண்டுபேர் வந்தார்கள். நான் மேல்படியில் நின்று பார்த்தேன். அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். உள்ளே வந்து பார்க்கவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். வேறு யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அவளுக்கு அது வேறுமாதிரிக் கேட்டிருக்கும். 'ஒருவரும் இல்லை, நான் மட்டும்தான்' என்றாள். ஒரு பிழையும் இல்லாத டேனிஷ். சிரித்துக்கொண்டு சொன்னாள்."

"அதை எங்கே பழகினாள்?"

ஹெர்த்தா நாயின் கயிற்றைக் கையில் சுற்றினார்.

"என்னிடம்."

மண்டபத்துக்குள் யாரோ தேவாரம் தொடங்கினார்கள். மற்றவர்கள் கூடப் பாடத் தெரியாமல் பின்னால் இழுத்தார்கள்.

"என் கணவர் லியோவும் நானும் ஹம்பூர்க்கிலிருந்து இங்கே ஓடிவந்தோம்" என்றார் ஹெர்த்தா. "எனக்கு வீட்டு வேலைக்கு அனுமதி இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு நாடே இல்லை, பறித்துவிட்டார்கள். நாற்பத்தொன்றாம் ஆண்டு, கோப்பன்ஹேகனில் வாடகை அறை. பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். ஜேர்மன்காரர் இல்லை. டேனிஷ். நல்ல மரியாதை. வீட்டுக்காரியிடம், மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஓம், மூன்றாவது கதவு என்றாள். கெட்டவள் இல்லை. கேட்டார்கள், சொன்னாள். லியோவிடம், வெளியே குளிர், கழுத்துத்துணி எடுத்துக்கொள் என்றார் அந்தப் பொலிஸ்காரர். எல்லையில் கொண்டுபோய் ஜேர்மன்காரரிடம் கொடுத்தார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் முடிந்தது. ஹம்பூர்க்கில் நின்ற அம்மா, அப்பா, தங்கை மூன்றுபேரையும் ரீகாவுக்கு ஏற்றினார்கள். அங்கே காட்டில் வைத்துச் சுட்டார்கள்."

நாய் எழும்பிக் காதை உதறியது.

"இரண்டு வருஷத்துக்குப் பிறகு இதே டேனிஷ்காரர் என்னை ஒரு மீன்படகில் சுவீடனுக்குத் தப்பவைத்தார்கள். அதை நினைவுகூர ஒவ்வொரு ஒக்டோபரும் பேப்பர்காரர் வருவார்கள். படகைப்பற்றிக் கேட்பார்கள். அது உண்மைதான், படகு வந்தது, சொல்லுவேன். லியோவைப்பற்றி ஒருவரும் கேட்பதில்லை. உன் மனைவி கேட்டாள். சொன்னேன். அந்த வீட்டுக்காரி ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும் என்றேன். ஒருவரும் இல்லை, நான் மட்டும்தான். அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்பைத் திருத்தினேன். டேனிஷ் பாடம் என்றுதான் நினைத்தேன்."

பாலேந்திரா அவருடைய முகத்தையே பார்த்தான். இதையும் எதற்காகச் சொல்கிறார் என்று யோசித்தான். தன்னைக் கழுவிக்கொள்ளவா? தவராஜாவைக் காப்பாற்றவா?

"நீங்கள் கதவைத் திறந்து பார்த்தபோது என்ன செய்தீர்கள்? முதலில் ரெலிபோன் எடுத்தீர்களா, முதலில் அவரை மேலே ஒளித்தீர்களா?"

ஹெர்த்தா தலையை நிமிர்த்தினார். கோபிப்பார் என்று நினைத்தான். கோபிக்கவில்லை.

"முதலில் அவள் கழுத்தைத் தொட்டேன்" என்றார். "செத்தவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவரை மேலே கொண்டுபோனேன். அதற்குப் பிறகு ரெலிபோன்."

"என் பெயரைச் சொன்னாள் என்றீர்கள்."

"பொய்தான். உன் பெயரைத் தபால்பெட்டியில் வாசித்தேன். உனக்கு ஏதாவது கொடுக்கவேண்டும்போல இருந்தது."

உள்ளே போனான். நீலச்சீலை போட்டாகிவிட்டது. கந்தையா அண்ணைதான் போட்டார். அவனைப் பார்த்ததும் யோகம்மா கையில் அரிசியைத் தந்தார். வாய்க்கருகே கொண்டுபோனபோது அரிசி சீலையில் சிந்தியது. பொறுக்கப் போனான். "விடுங்கோ" என்றார் யோகம்மா. மூடியை வைத்தார்கள்.

எரிக்கும் இடத்தில் நெருப்பைக் கண்ணால் காணக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். கந்தையா அண்ணை அரைமணித்தியாலம் வாதாடினார். கடைசியில் ஒரு பொத்தானைக் காட்டினார்கள். பாலேந்திரா அழுத்தினான். இரும்புக்கதவு மூடியது. தொழிற்சாலையில் குளிரறைக் கதவும் அதே மாதிரித்தான் மூடும்.

வெளியே பொலிஸ்காரர் காத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அதே ஆள். இன்றைக்குச் சீருடை இல்லை, சாம்பல் நிறக் கோட். தடிமன் பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இந்த நாளில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவேண்டும். ஒரே ஒரு விஷயம். எல்லாவற்றையும் முடித்து மூடிவிடலாம் என்று பார்க்கிறேன்."

பாலேந்திரா தலையசைத்தான்.

"குசினி மேசையில் சாப்பிட்ட தட்டு இரண்டு இருந்தது. நீங்கள் விடிய முந்தி வேலைக்குப் போய்விட்டீர்கள். மேல்வீட்டு அம்மா அங்கே சாப்பிடவில்லை என்கிறார்." அவர் குரல் நல்ல தன்மையாக இருந்தது. "அன்றைக்கு வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா?"

கந்தையா அண்ணை கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவருக்கும் இப்போது எல்லாம் விளங்கியிருந்தது. ஹெர்த்தா மதிலோரம் நாயோடு நின்றார். அவனைப் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தவராஜா வந்திராவிட்டால் ராசமலர் கதவை அகலத் திறந்திருப்பாள். ஒரு வார்த்தை போதும். மேல்மாடி. இடதுபக்கக் கதவு. இந்த மனிதர் மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

"ஒருவரும் இல்லை" என்றான். "நாங்கள் இரண்டுபேர் மட்டும்தான். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுத் தட்டு. கழுவவில்லை."

பொலிஸ்காரர் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "சரி" என்றார். இன்னொருமுறை கையை நீட்டினார். அவருடைய கை சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் யோகம்மா வாசலில் மஞ்சள்தண்ணி வைத்தார். குளிக்கச் சொன்னார். "வாறன்" என்றுவிட்டுப் பாலேந்திரா தன் கதவைத் தாண்டி மேலே ஏறினான். கூட வந்திருந்த ஹெர்த்தா முன்னால் போய்த் திறப்பைப் போட்டார். திறந்தார். உள்ளே போகவில்லை. நாயோடு மறுபடி கீழே இறங்கினார்.

தவராஜா அறை நடுவே நின்றார். இடுப்பில் வேட்டி. தலை ஈரம். முகம் மழுங்க வழித்திருந்தது. இங்கே வந்தபோது இருந்த தாடி இல்லை. தாடி இல்லாமல் அவருக்கு ராசமலரின் நாடி இருந்தது.

"எத்தனை மணிக்கு எரிக்கிறது எண்டு தெரியேல்லை" என்றார். "விடியவே முழுகிட்டன்."

"கேட்டது."

"சீலை போட்டவையே?"

"ஓம். கந்தையா அண்ணை போட்டவர்."

"அவளுக்கெண்டு கொண்டுவந்தது. நீங்கள் கண்டால் கேப்பியள் எண்டு வாங்கமாட்டன் எண்டிட்டாள்."

இரண்டுபேரும் நின்றார்கள். இருக்கச் சொல்ல அங்கே வீட்டுக்காரர் இல்லை.

"பொலிஸ் கேட்டது" என்றான் பாலேந்திரா. "ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னன்."

தவராஜா கைகளைக் குவித்தார். கும்பிடப் போகிறார் என்று நினைத்து அவன் முகத்தைத் திருப்பினான். அவர் கும்பிடவில்லை. குவித்த கையில் வாயை வைத்து அழுத்திக்கொண்டார்.

"எங்க நிண்டனீங்கள்?"

"அலுமாரிக்குள்ள. உங்கட அறையில. கதவு தட்டினவுடன அவள்தான் உள்ள தள்ளினவள். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு தள்ளினவள். சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டாள்."

"அவங்கள் போனாப்பிறகு?"

"ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கதவை உடைச்சுக்கொண்டு உள்ள வாறாங்கள் எண்டு நினைச்சன். மூச்சு விடேல்லை. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சோதிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள் எண்டு நினைச்சன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. அந்த மனிசி வந்து கத்தும்வரைக்கும்."

பாலேந்திரா ஒரு எட்டு முன்னுக்கு வைத்தான். அடிப்பான் என்று தவராஜா நினைத்திருக்கலாம். விலகவில்லை.

"பத்தடி தூரம், அத்தான். ஒருக்கால் கதவைத் திறந்து பாக்கேலாதே? ஏன் வரேல்லை?"

கீழே யோகம்மா பெயர் சொல்லி அவனைக் கூப்பிடுவது கேட்டது. தண்ணி ஆறுதாம்.

"அவ உங்களிட்டை ஏதும் சொன்னவவே? கடைசியா?"

தவராஜா யன்னல் பக்கம் திரும்பினார்.

"கதவைச் சாத்தினாப்பிறகு அறை வாசலுக்கு வந்தவள். அலுமாரியைத் திறக்கேல்லை. வெளியால நிண்டு சொன்னவள்."

"என்னெண்டு?"

"'அண்ணை, அவங்கட வான் இன்னும் கீழதான் நிக்குது. அசையாமல் இருங்கோ. நான் தேத்தண்ணி வைச்சிட்டுக் கூப்பிடுறன்.'"